முள் கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய பழைய டீசல் பிக்கப் இப்போது இவர் கையில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்கு வாரம் நாலு நடை லோடு. சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது ஆயில் லைட் மினுக்கி மினுக்கி எரிகிறது, ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினால் அணைந்துவிடுகிறது. ஹீட் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கிறது. ஒரு மெக்கானிக் "பழைய வண்டின்னா அப்படித்தான், ஓட்டுங்க" என்கிறார். இன்னொருவர் "இன்ஜினை இறக்கணும்" என்கிறார். தனியாக மீட்டர் வைத்தால் பிரயோஜனம் உண்டா, எதை வைப்பது, எவ்வளவு காட்டினால் சரி என்பதுதான் கேள்வி.

தம்பி, இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ரெண்டு பேருமே அளந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள். மீட்டர் வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை இருக்கிறது. அந்த லைட்டை எரிய வைக்கும் ஆயில் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில், ஆயில் பிரஷரை எண்ணாகக் காட்டும் டெஸ்ட் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். இது அரை மணி நேர வேலை. கேஜ் வைத்திருக்கிற பட்டறையைத் தேடிப் போங்கள், "கேஜெல்லாம் எதுக்கு, சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்" என்பவரிடம் வேண்டாம்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், ஆயில் லைட்டுக்கு எண் தெரியாது. பிளாக்கில் திருகியிருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்சுக்குள் ஒரு டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு காண்டாக்ட், அவ்வளவுதான். பிரஷர் வந்தால் காண்டாக்ட் விலகி லைட் அணையும். பெரும்பாலான ஸ்விட்சுகள் 5 முதல் 8 பிஎஸ்ஐக்குள் (பிரஷரை அளக்கும் அலகு) எங்கோ ஓரிடத்தில் மாறும். அதாவது 40 இருக்க வேண்டிய இடத்தில் 12 இருந்தாலும் லைட் அணைந்தேதான் இருக்கும். லோடோடு ஏற்றத்தில் 12 பிஎஸ்ஐயில் ஓடுகிற இன்ஜின் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும், டேஷ்போர்டில் ஒன்றும் தெரியாது. இன்னொரு பக்கம், ஸ்விட்சே பழுதாகி, நல்ல பிரஷர் இருக்கும்போதும் லைட் மினுக்கலாம். உங்கள் வண்டியில் நடப்பது இதில் எது என்று அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஸ்விட்ச் கோளாறு என்றால் சில நூறு ரூபாயில் முடியும். மற்றது என்றால் இன்ஜினைப் பிரித்துச் செய்கிற போர் வேலை வரைக்கும் போகும்.

எவ்வளவு இருக்க வேண்டும்? உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அது கையில் இல்லாதபோது பட்டறைகளில் வைத்துக்கொள்ளும் கணக்கு, ஆயிரம் ஆர்பிஎம்முக்குக் குறைந்தது பத்து பிஎஸ்ஐ. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 50, 60 என்று காட்டும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஆயில் கெட்டியாக இருப்பதால் வருகிற எண் அது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து ஐடிலிங்கில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், பாருங்கள். 15 இருந்தால் நிம்மதி. 10 இருந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். அதற்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். 2000 ஆர்பிஎம்மிலும் ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள், அங்கே 30க்கு மேல் நிற்பது நல்லது. சில கேஜில் கிலோ கணக்கில் இருக்கும். ஒரு கிலோ என்றால் 14 பிஎஸ்ஐக்குச் சற்றே மேல்.

சரி, டெஸ்ட் கேஜிலும் குறைவாகவே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே இன்ஜினை இறக்க வேண்டாம். ஆயில் பம்ப் செய்வது ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான். பிரஷர் உண்டாவது அந்த ஆயில், மெட்டல்களின் (கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள்) சின்ன இடைவெளியில் நுழைந்து போகத் திணறுவதால். அதனால் இடைவெளி கூடினாலும் பிரஷர் குறையும், ஆயில் இளகினாலும் குறையும். இளகிய ஆயில் மலிவான கோளாறு, அதை முதலில் பாருங்கள். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாசனை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, ஃபீட் பம்போ இன்ஜெக்ஷன் பம்போ உள்ளுக்குள் கசிந்து டீசல் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது. ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அன்றோடு வண்டியை நிறுத்திவிட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்றி (பழைய டீசலில் பெரும்பாலும் 15டபிள்யூ-40) மறுபடி அளக்க வேண்டும். அதன் பிறகு பார்க்க வேண்டியவை, பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங், சம்ப்பைக் கழற்றினால் தெரியும் ஸ்ட்ரெய்னர் (ஆயில் வடிகட்டும் சல்லடை) அடைப்பு, பம்ப் தேய்மானம். கடைசியில்தான் மெட்டல். சம்ப்பைக் கழற்றிய கையோடு மெட்டலையும் கீழிருந்தே திறந்து பார்க்க முடிகிற இன்ஜின்கள் நிறைய உண்டு. அதைக்கூடப் பார்க்காமல் "இறக்கணும்" என்று சொல்பவர் அவசரக்காரர்.

இடையில் ஒன்று. கெட்டியான ஆயிலை ஊற்றி லைட்டை அணைத்து வண்டியை விற்பது நம் ஊரில் பழைய வித்தை. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது சாவியைத் திருப்பியதும் ஆயில் லைட் எரிகிறதா என்று முதலில் பாருங்கள். எரியவில்லை என்றால் பல்பு பியூஸ் ஆகியிருக்கலாம், யாரோ கழற்றியும் இருக்கலாம்.

இப்போது ஹீட் முள். "எப்போதும் பாதியிலேயே நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது.

நானும் அதே ரோட்டில் ஓட்டியவன். ஒரு மே மாதம், மத்தியானம் இரண்டு மணி, பின்னால் முழு லோடு மாங்காய். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வருவதற்குள் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். காரில் போகிறவர்களுக்கு அது ஏற்றம் என்றே தெரியாது, லோடு வண்டிக்குத் தெரியும். சூளகிரிக்கு முன்னால் முள் பாதியைத் தாண்டி முக்காலுக்கு வந்தது. ஓரம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக இறங்க ஆரம்பித்தது. பாதி, அதற்கும் கீழே. "அப்பாடா, காத்து பட்டு ஆறிடுச்சு" என்று பக்கத்திலிருந்த பையனிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நாலு கிலோமீட்டர் கூடப் போயிருக்க மாட்டோம். வண்டி இழுக்கவில்லை, பெயின்ட் கருகுகிற மாதிரி ஒரு வாசனை, அப்புறம் இன்ஜின் தானாகவே நின்றது. பானெட்டைத் திறந்தால் கீழ் ஹோஸ் நீளவாக்கில் கிழிந்து கிடக்கிறது. ரேடியேட்டரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முள் மட்டும் நல்ல பிள்ளையாகக் கீழே படுத்திருந்தது.

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, லேத்தில் கொடுத்துச் சீவி, கேஸ்கெட் மாற்றி, வண்டி ஒன்பது நாள் பட்டறையில் கிடந்தது. மாங்காய் வேறு வண்டியில் போனது.

முள் ஏன் இறங்கியது? டெம்பரேச்சர் சென்சார் அளப்பது இன்ஜின் சூட்டை என்று நினைக்கிறோம். உண்மையில் அது தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கிறது. தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் அதைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும்தான் இருக்கும். தண்ணீர் கடத்துகிற மாதிரி காற்று சூட்டைக் கடத்தாது. உள்ளே இரும்பு வெந்துகொண்டிருக்கும்போது சென்சார் ஆறிப்போகும். ஆகவே ஏற்றத்தில், லோடோடு, காரணமே இல்லாமல் முள் இறங்கினால் அது ஏறுவதைவிட மோசமான சேதி. அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

எப்போதும் பாதியில் நிற்கிற முள்ளுக்கு இன்னும் சில காரணங்கள் இருக்கலாம். சில வண்டிகளில், டிரைவர் பயப்படக் கூடாது என்று, 80 டிகிரியிலிருந்து 100 வரைக்கும் முள் அசையாத மாதிரியே மீட்டரைச் செய்திருப்பார்கள். சில வண்டிகளில் சென்சார் செத்திருக்கும், அல்லது யாரோ ஒயரில் ஒரு ரெசிஸ்டரைக் கோத்து வாயை அடைத்திருப்பார்கள். சோதிப்பது சுலபம். சென்சாரைக் கழற்றி, மல்ட்டிமீட்டர் வைத்து ஓம்ஸ் பாருங்கள். குளிர்ந்த நிலையில் ரெசிஸ்டன்ஸ் அதிகமாகவும், சூடான தண்ணீரில் முக்கினால் சீராகக் குறைந்தும் வர வேண்டும். வரவில்லையென்றால் மாற்றிவிடலாம். டீசல் முள்ளும் ஹீட் முள்ளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் சென்சாரைத் தொடாதீர்கள். மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் அல்லது எர்த் போயிருக்கிறது.

சோதிக்கும்போது பெங்களூர்க்காரர்கள் ஒன்றை மறந்துவிடுகிறோம். நாம் இருப்பது 900 மீட்டர் உயரத்தில். இங்கே பாத்திரத்தில் தண்ணீர் கொதிப்பது 97 டிகிரி வாக்கில், 100இல் இல்லை. கொதிக்கிற தண்ணீரில் முக்கிவிட்டு "100க்கு இவ்வளவு காட்டணுமே" என்று தேடாதீர்கள். வண்டிக்குள்ளும் இதே கதைதான். ரேடியேட்டர் மூடி நன்றாக அடைத்துப் பிரஷரைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் 115ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போய்விட்டால் 97லேயே பொங்கும். 95 டிகிரி வரை போவது ஆரோக்கியமான இன்ஜினுக்குச் சாதாரணம். அதாவது ஒரு பழைய மூடியால் உங்களுக்கும் ஆபத்துக்கும் நடுவே இரண்டு டிகிரிதான் மிச்சம். ஹீட் ஆகிறது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் மாற்றச் சொல்வது மூடியைத்தான். விலை குறைவு, யாரும் அதைச் சந்தேகப்படுவதும் இல்லை.

இனி என்ன மாட்டுவது. ஜே.சி. ரோட்டில் போய்க் கேட்டால் எல்லாமே கிடைக்கும், வேண்டாததும் சேர்த்து. ஆயில் பிரஷருக்கு இரண்டு வகை உண்டு. ஒன்றில் சன்னக் குழாய் வழியாக ஆயிலே டேஷ்போர்டு வரைக்கும் வரும். இன்னொன்றில் இன்ஜினிலேயே சென்சார், அங்கிருந்து ஒயர். முதல் வகை துல்லியம், கரண்டும் வேண்டாம். ஆனால் அந்த நைலான் குழாய் சைலன்சர் குழாயில் பட்டு உருகினால் ஆயில் முழுக்க வெளியே போகும், சூடான ஆயில் கேபினுக்குள்ளும் தெறிக்கும். லோடு வண்டியின் அதிர்வுக்கு நான் ஒயர் வகையைத்தான் சிபாரிசு செய்வேன். வாங்கும்போது சென்சாரையும் மீட்டரையும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். ஒரு வகை சென்சார் பிரஷர் ஏற ஏற 10 ஓம்ஸிலிருந்து 180க்குப் போகும், இன்னொரு வகை 240இலிருந்து 33க்கு இறங்கும். ஒன்றின் சென்சாரை மற்றதன் மீட்டரில் கோத்தால் முள் பாட்டுக்கு எதையாவது காட்டும், நீங்கள் அதை நம்பி இன்ஜினை இறக்குவீர்கள்.

பழைய ஸ்விட்சைத் தூக்கிப் போட வேண்டாம். டி வடிவ அடாப்டர் போட்டு ஒரு பக்கம் புதுச் சென்சார், மறுபக்கம் பழைய ஸ்விட்ச் என்று இரண்டையும் வையுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றாதீர்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது. பெரிய சென்சார் கனமாக இருக்கும், நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்வில் அடாப்டர் முறியும். அதை ஒரு கிளாம்ப் போட்டு பிளாக்கோடு பிடித்துவிடச் சொல்லுங்கள்.

டெம்பரேச்சருக்கு மேல் ஹோஸை வெட்டி நடுவில் மாட்டுகிற அடாப்டரைக் காட்டுவார்கள். மாட்டச் சுலபம், ஆனால் தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வ்) திறந்த பிறகுதான் அங்கே சூடான தண்ணீர் வரும். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும், ஹோஸ் குளிர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் எர்த்துக்குத் தனி ஒயர் வேறு இழுக்க வேண்டும். முடிந்தவரை தெர்மோஸ்டாட்டுக்கு இன்ஜின் பக்கத்தில், ஹெட்டில் இருக்கும் பிளக் ஓட்டையைப் பயன்படுத்துங்கள்.

என் கதையைக் கேட்ட பிறகு தண்ணீர் மட்ட அலாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ரேடியேட்டரின் மேல் டேங்கில் ஒரு கம்பி, தண்ணீர் அதைத் தொடுவது நின்றால் பஸ்ஸர். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அலங்கார மீட்டர்களை விட்டுவிட்டு இதை வாங்குங்கள். இன்னொரு வழி, ஹெட்டிலுள்ள ஏதாவது சின்ன பிராக்கெட் போல்ட்டுக்கு அடியில் வளையம் மாதிரி சென்சார் வைப்பது. ஹெட் போல்ட்டைத் தொடக் கூடாது. இது இரும்பின் சூட்டையே அளப்பதால் தண்ணீர் இல்லாவிட்டாலும் உண்மையைச் சொல்லும்.

அப்புறம் பஸ்ஸர். நெரிசலில் நம் கண் முன்னால் போகும் ஆட்டோ மேல்தான் இருக்கும், மீட்டர் மேல் இருக்காது. ஆயில் ஸ்விட்ச் ஒயரிலேயே ஒரு 12 வோல்ட் பஸ்ஸரைச் சேர்க்கலாம். ப்ளஸ் இக்னிஷனுக்கு, மைனஸ் ஸ்விட்ச் ஒயருக்கு. சாவியைத் திருப்பியதும் கத்தும், ஸ்டார்ட் ஆனதும் நிற்கும். தினமும் காலையில் அது வேலை செய்கிறதா என்பதற்கு அதுவே பரீட்சை.

மீட்டர் வந்த பிறகு, எண்ணைவிட எப்போது மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். சில்க் போர்டில் நின்றால் சூடு ஏறுகிறது, பொம்மனஹள்ளி தாண்டி வேகம் எடுத்தால் இறங்குகிறது என்றால் கோளாறு காற்றில். ஃபேன் பெல்ட் தொய்வு, சூடானால் பிடித்துச் சுற்ற வேண்டிய விஸ்கஸ் ஃபேன் பிடிக்காமல் வழுக்குவது, ரேடியேட்டர் முகத்தில் குப்பை. யஷ்வந்த்பூர் மண்டிக்குப் போகும் வெங்காய லாரிக்குப் பின்னால் அரை மணி நேரம் போய்விட்டு வந்து பாருங்கள், ஃபின்களுக்கு நடுவே எத்தனை தோல் ஒட்டியிருக்கிறது என்று. கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றிய கூடு பல பட்டறைகளின் பரணில் தூங்குகிறது.

இதற்கு நேர்மாறாக, நெரிசலில் சும்மா இருந்து சூளகிரி ஏற்றத்தில் மட்டும் ஏறினால் கோளாறு தண்ணீர் ஓட்டத்தில். ரேடியேட்டரின் உள்ளே உப்புப் படிந்திருக்கும். போர்வெல் தண்ணீரை ஊற்றியே வளர்ந்த ரேடியேட்டர்கள் எல்லாம் அப்படித்தான். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றினால் போதும். "பனி விழுகிற ஊருக்குத்தானே கூலன்ட்" என்பார்கள். துரு பிடிக்காமல் இருப்பதற்கும் கொதிநிலை உயர்வதற்கும் நமக்கும் அது வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் ஹீட் ஆகாது என்பவர்களை நம்பாதீர்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். குளிர்ந்த காலையில் இன்ஜின் சூடேறாது, ஏற்றத்தில் சூடு நிற்காது. 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும் சாதாரண தெர்மோஸ்டாட்டே போதும்.

ரோட்டில் என்ன செய்வது? ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் லைட் நிலையாக எரிந்தாலோ பிரஷர் முள் விழுந்தாலோ கிளட்சை மிதித்து உடனே இன்ஜினை அணையுங்கள். "அந்த பெட்ரோல் பங்க் வரைக்கும்" என்று போகக் கூடாது, மெட்டல் போக அந்தத் தூரம் தாராளம். ஹீட் அப்படி இல்லை. தண்ணீர் இருக்கிறது, முள் மேலே போகிறது என்றால் நிழலில் ஓரம் கட்டி நியூட்ரலில் 1200, 1500 ஆர்பிஎம்மில் ஓட விடுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து விடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. உடனே அணைத்தால் வாட்டர் பம்ப் நின்று, இருக்கிற சூடு ஹெட்டிலேயே தேங்கும். இரண்டு நிமிடத்தில் இறங்கவில்லை, அல்லது ஆவி வருகிறது என்றால் அணைத்துவிட்டு மூடியைத் தொடாமல் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். ஆறாத இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். நெரிசலில் ஐடிலிங்கில் மட்டும் மினுக்குவது, ஏற்றம் ஏறி வந்த ஆயில் சூட்டில் இளகி, பம்பும் மெதுவாகச் சுற்றுகிற நேரம். ஸ்விட்ச், ஆயில், மெட்டல் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இந்த வாரம் டெஸ்ட் கேஜ் மாட்டி, அத்திப்பள்ளி தாண்டி வந்த சூட்டோடு ஐடிலிங்கில் எவ்வளவு, 2000இல் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பார்த்ததையும் சேர்த்து எழுதுங்கள். அதுவரைக்கும் லோடைக் கொஞ்சம் குறைத்தே ஏற்றுங்கள். அந்த இரண்டு எண்ணும் வந்த பிறகு இன்ஜினை இறக்குவதைப் பற்றிப் பேசலாம்.